வெள்ள வரைபடம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் கொட்டிய மழையை இங்கு யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வெள்ளத்தில் 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் குடியிருப்பில் நாங்கள் சிலர் சேர்ந்து, வெள்ளம் வந்தால் உதவிக்கு யார் வீட்டுக்கு முதலில் போக வேண்டும், எந்த வழியாகப் போகலாம் என்று காட்டும் வரைபடம் ஒன்றைப் போட ஆரம்பித்தோம். முதல் வரைபடம் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அதை நம்பிப் போயிருந்தால் ஆள் மாட்டிக்கொண்டிருப்பார்.

பெரிய தவறு உயரத்தில் நடந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவை இறக்கி, பள்ளத்துக்கு நீலமும் மேட்டுக்குப் பச்சையும் கொடுத்தோம். அடிக்கடி தண்ணீர் ஏறும் ஒரு தெரு பச்சையாக வந்தது. அந்தத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. ரேடார் மண்ணை மட்டும் தொடுவதில்லை, கூரையிலும் மர உச்சியிலும் பட்டுத் திரும்பும். அதோடு, ஏறக்குறைய 30 மீட்டருக்கு 30 மீட்டர் பரப்புக்கு ஒரே ஓர் எண்தான். கடைவீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் இடத்தில் அந்த எண் தெருவின் உயரமே இல்லை. பிழை சில மீட்டர் வரை போகும். நமக்குத் தெரிய வேண்டியதோ தண்ணீர் முழங்காலா, இடுப்பா என்பது. மலைச்சரிவு எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்க அது போதும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று கேட்க அது சரியான ஆள் இல்லை.

சரி, யாரைக் கேட்பது? சுவரைக் கேட்கலாம். ஒரு பாட்டி வீட்டில் இரண்டு முறை சாயம் அடித்தும், சாமி அறைக் கதவுக்குப் பின்னால் மட்டும் ஒரு பழுப்புக் கோட்டை அழிக்காமல் விட்டிருந்தார். என் இடுப்புக்குச் சற்றுக் கீழே இருந்தது. "இது 2017ல வந்தது. அதுக்கு முன்னாடி வந்ததெல்லாம் இங்கதான் நின்னுச்சு" என்று தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். தெருவுக்குப் பத்து வீட்டில் இப்படி டேப் வைத்து அளந்து, தேதியோடு குறித்தால், அதுதான் உங்கள் பகுதியின் நம்பகமான வெள்ளத் தரவு.

அடுத்தது பெயர். உதவி கேட்டு அழைப்பவர் "தண்ணிமலை அடிவாரத்துல இருக்கோம் அண்ணே" என்பார். வரைபடத்தில் அந்தச் சாலை ஜாலான் கெபுன் பூங்கா. வயதானவர்களுக்கு அது வாட்டர்ஃபால் ரோடு. ஜாலான் மஸ்ஜித் நெகிரியைப் பலரும் இன்னும் கிரீன் லேன் என்றுதான் சொல்கிறார்கள். படகில் இருக்கும் தம்பி வெளியூர்க்காரராக இருந்தால், தண்ணிமலை, கெபுன் பூங்கா, வாட்டர்ஃபால் மூன்றும் ஒரே இடம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதிகாரப்பூர்வப் பெயரை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பக்கத்திலேயே மக்கள் வாயில் வரும் பெயர்களையும் எழுதுங்கள், தமிழ், மலாய், ஹொக்கியன் எல்லாமே. யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் மாற்றுப் பெயருக்கும் தமிழ்ப் பெயருக்கும் தனித்தனி இடம் இருக்கிறது. கோயில், சாப்பாட்டுக் கடை, பழைய மரம் போன்ற அடையாளங்களையும் விடாதீர்கள்.

துயர் துடைப்பு மையத்தைச் சுற்றி வட்டம் போட்டு, "இந்த 500 மீட்டருக்குள் இருப்பவர்கள் இங்கே வரட்டும்" என்று முடிவு செய்வதும் தவறு. வட்டத்துக்கு ஆறு தெரியாது. சுங்கை பினாங்குக்கு அக்கரையில் இருப்பவருக்கு மையம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும், அந்தப் பாலத்துக்குப் போகும் சாலையே முதலில் மூழ்கலாம். சாலை வழியாக நடந்து அளந்து பாருங்கள். மையத்தின் வாசல் வரை தண்ணீர் வந்ததுண்டா என்றும் அங்கிருக்கும் காவலாளியிடம் கேளுங்கள்.

செயற்கைக்கோள் படத்தையும் கொஞ்சம் யோசித்துத்தான் நம்ப வேண்டும். மழை நாளில் சாதாரணப் படத்தில் மேகம்தான் தெரியும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் மேகத்தை ஊடுருவும். ஆனால் அது நம் தலைக்கு மேல் வரச் சில நாட்கள் ஆகும், திடீர் வெள்ளமோ சில மணி நேரத்தில் வடிந்துவிடும். குறுகிய தெருக்களில் கட்டடங்களில் பட்டு எதிரொலிப்பதால் தண்ணீர் மறைந்தும் போகும். படத்தில் தண்ணீர் இல்லை என்பதை வைத்து ஒரு தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கடலை மறப்பதும் உண்டு. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது ஆற்று நீர் வெளியேற முடியாமல் நிற்கும். அதே அளவு மழை, கடல் இறங்கும் நேரத்தில் பெய்தால் கதை வேறு. அதனால் வரைபடத்தோடு கடல் ஏற்ற அட்டவணையும் இருக்கட்டும். நீர்ப்பாசன வடிகால் துறையின் இன்ஃபோபஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டம் பார்க்கும்போது, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரத்தையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது உதவி ஆகாது.

அப்புறம், ஆயத்தொலைவுகள், அதாவது இடத்தைக் குறிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள். கூகுள் மேப்ஸ் அட்சரேகையை முதலில் தரும், வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பு தீர்க்கரேகையை முதலில் கேட்கும். பினாங்குக்கு 5, 100 என்று நினைவில் வைத்துக்கொண்டால் மாறினால் உடனே தெரியும், ஏனெனில் அட்சரேகை 90ஐத் தாண்டாது.

கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவர், டயாலிசிஸ் செய்பவர், தனியாக இருக்கும் முதியவர் ஆகியோரின் வீடுகளை நாங்கள் முதலில் எல்லோரும் பார்க்கும் வரைபடத்திலேயே சிவப்புப் புள்ளியாக வைத்திருந்தோம். ஓர் அக்காதான் "தனியா இருக்கற கிழவி வீடு எதுன்னு ஊருக்கே காட்டறீங்களே" என்று கேட்டார். அன்றைக்கே எடுத்துவிட்டோம். இப்போது அந்தப் பட்டியல் தாளில், படகில் போகும் நான்கு பேரிடம் மட்டும், நனையாத பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது.