மலையகத்தில் புது வீட்டுக்குக் கரண்ட் எடுக்க

மீற்றர் பூட்டுவது மின் விநியோக நிறுவன ஆட்களின் வேலை. அது சுலபமாக முடிந்துவிடும். இழுபறி எல்லாம் அதற்கு முன்னால்தான்.

விண்ணப்பத்தோடு அடையாள அட்டைப் பிரதியும் காணி உறுதியும் வேண்டும். தோட்டக் காணியில் வீடு கட்டி, உறுதி இன்னும் கைக்கு வராதவர்கள் தோட்ட நிர்வாகத்தின் சம்மதக் கடிதத்தையும் கிராம உத்தியோகத்தரின் சான்றையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டு பில்லிலுள்ள கணக்கிலக்கத்தையும் குறித்துக்கொண்டு போனால் எந்தக் கம்பத்திலிருந்து இழுப்பது என்று பார்க்க உதவும். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் இருக்கும் இடத்தில் சேர்விஸ் வயர் (கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் வயர்) மேல்வீட்டுக் கூரையைத் தாண்டித்தான் வரும் என்றால், அந்த வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

அடுத்தது சுமைக் கணக்கு, அதாவது வீட்டுச் சாமான்கள் மொத்தமாக எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது. வழமையாக வீடுகளுக்குக் கிடைப்பது 230 வோல்ட், 30 அம்பியர் சிங்கிள் பேஸ் (ஒற்றை லைன்) இணைப்பு. நுவரெலியாக் குளிருக்கு 5.5 கிலோவாட் ஷவர் ஹீட்டர் பூட்டினால் அது மட்டுமே 24 அம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கேத்தல் இன்னும் 9. இரண்டும் சேர்ந்தாலே 30ஐத் தாண்டிவிட்டது. அயர்னும் சேர்ந்தால் பிரேக்கர் உடனே விழாமல், சூடேறிக் கொஞ்ச நேரம் கழித்து விழும். அதனால் காரணமும் இலேசில் பிடிபடாது. 3.5 கிலோவாட் ஹீட்டர் 15 அம்பியரோடு நிற்கும். பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும். அதற்கு 7/0.85 வயரில் (0.85 மில்லிமீற்றர் தடிப்பில் ஏழு இழை) தனி லைனும் 20 அம்பியர் பிரேக்கரும் போடுங்கள். 5.5தான் வேண்டுமென்றால் 7/1.04 வயர், 32 அம்பியர் பிரேக்கர். த்ரீ பேஸ் (மூன்று லைன்) இணைப்பு எடுப்பதையும் யோசியுங்கள். 13 அம்பியர் ப்ளக்குகளுக்கு 7/0.67, லைட்டுக்கு 1/1.13.

அதிகம் கெட்டுப்போவது எர்த்தில்தான். கம்பத்திலிருந்து எர்த் வராது; உங்கள் எர்த் கம்பியை நீங்களே நிலத்தில் அடிக்க வேண்டும். இரண்டடியில் பாறை தட்டியதும் கம்பியை வெட்டிவிட்டு மண்ணை மூடிவிடும் வயரிங் பாஸ்மார் இருக்கிறார்கள், விடாதீர்கள். ஈரம் நிற்கும் தாழ்ந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். போதாவிட்டால் கம்பியின் நீளமளவு தள்ளி இன்னொன்று அடித்து இரண்டையும் இணையுங்கள். எர்த்தை நல்லதாக்க உப்புப் போட்டால் மழையில் கரைந்து போகும், கிளிப்பும் அரித்துவிடும். எர்த் டெஸ்டர் வைத்து அளப்பதானால் பெப்ரவரி, மார்ச் வெயிலில் அளக்க வேண்டும். மழைக்காலத்து அளவு நல்லதாகத்தான் காட்டும்.

கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். அதன் டெஸ்ட் பொத்தான் வேலை செய்வதால் எர்த் நல்லது என்று நினைக்க வேண்டாம். எர்த் வயரே இல்லாவிட்டாலும் அந்தப் பொத்தான் விழுத்தும். ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலுக்கு, திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சேர்ஜ் அரெஸ்டர் நல்லது. ஆனால் எர்த் சரியில்லாவிட்டால் அது காசுக்குக் கேடு.

வயரிங் முடிந்ததும் தகுதியுள்ள மின்னியலாளர் பரிசோதனை அறிக்கையில் ஒப்பமிட வேண்டும்.

மீற்றர் பூட்டிய அன்றே அதன் இலக்கத்தையும் தொடக்க வாசிப்பையும் படம் எடுத்து வைத்து, முதல் பில்லோடு ஒப்பிடுங்கள்; வரிசை வீடுகளில் மீற்றர் மாறிப் பதிவாகலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீற்றரையும் பாருங்கள். அதிலுள்ள சின்ன லைட் இன்னும் மினுங்கினால் மீற்றருக்கும் மெயின் சுவிட்சுக்கும் நடுவில் எங்கோ வேறு லைன் இழுத்திருக்கிறது. மீற்றர் சீலில் கை வைக்காமல் நிறுவனத்துக்கு அறிவியுங்கள்.