டைல்ஸ் ஒட்டும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் என்று வேலூரைச் சுற்றி 22 வருஷமாக டைல்ஸ் வேலை செய்கிறேன். டைல்ஸ் எடுக்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், அது உட்காரப்போகிற கான்கிரீட்டை ஒரு தடவைகூடக் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

என் கைவேலையிலேயே ஒன்று நடந்தது. காட்பாடிப் பக்கம் ஒரு வீடு. பெயின்ட் வேலை முந்திவிட்டதால் தரையெல்லாம் பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரில் இழுக்கும் வெள்ளைப் பூச்சு) சொட்டிக் கிடந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று பெருக்கி மட்டும் விட்டு ஒட்டிவிட்டேன். இரண்டாம் வருஷம், கத்திரி வெயில், மத்தியான நேரம். நடு ஹாலில் நாலு டைல்ஸ் படீரென்ற சத்தத்தோடு ஓட்டுக்கூரை மாதிரி எழுந்து நின்றன. தூக்கிப் பார்த்தால் கலவையின் அடியில் வெள்ளை வெளேரென்று பட்டி. கலவை பட்டியைப் பிடித்திருந்தது, தரையைப் பிடிக்கவில்லை. சுவரோரம் இடைவெளியும் நான் விட்டிருக்கவில்லை. வெயிலில் விரிந்த டைல்ஸுக்குப் போக இடமில்லாமல் மேலே கிளம்பிவிட்டது. என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். புதுக் கான்கிரீட் என்றால் குறைந்தது 28 நாள் விடுங்கள். காயக் காயச் சுருங்கும். அவசரப்பட்டு ஒட்டினால் அந்தச் சுருக்கம் டைல்ஸில் தெரியும்.

அப்புறம் ஒரு கம்பித் துண்டை எடுத்துக்கொண்டு, அடிக்கு ஓர் இடமாகத் தரை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், காது வேலை செய்ய வேண்டும். நல்ல தரை 'டங்' என்று கெட்டியாகச் சொல்லும். மேல்பூச்சு விட்டுப்போன இடம் 'டொப் டொப்' என்று காலிப் பானை மாதிரி கேட்கும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, கெட்டித் தரை வரும்வரை கொத்தி எடுத்துவிட வேண்டும்.

அடுத்து, அங்கங்கே நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் பெயின்ட், எண்ணெய், மெழுகு ஏதோ இருக்கிறது. கிரைண்டரால் தேய்த்து எடுங்கள். பழைய சிவப்பு ஆக்சைடு தரையும், கரணையால் இழைத்த வழவழப்பான தரையும் இதே கதைதான்; 2 அங்குலத்துக்கு ஒரு கொத்தாக முழுத் தரையையும் கொத்திவிட்டால்தான் பிடிப்பு வரும். சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். நான் ஊற்றமாட்டேன். சரியாகக் கழுவாவிட்டால் மிச்சம் உள்ளேயே தங்கிவிடும்.

ஈரத்துக்கு ஒரு சோதனை. 2 அடிக்கு 2 அடி பாலித்தீன் தாளை விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பிரியுங்கள். தாளின் அடியில் வேர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. பாலாற்று ஓரத்திலும் ஏரியை ஒட்டிய மனைகளிலும் மழைக்காலம் முடிந்தபின் இதை அவசியம் பாருங்கள். குழாய்க் கசிவா, மண்ணிலிருந்து வருவதா என்று கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் மூடக் கூடாது.

விரிசலில் தலைமுடி போன்றதைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆங்கில 'வி' வடிவில் வெட்டி எபாக்ஸி என்ற கெட்டிப் பசையை நிரப்பினால் போதும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அடிமண் உட்காருகிறது. விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சிமெண்ட் பூசி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதத்தில் அது பிளந்தால் தரையைப் பெயர்த்து, மண்ணை இறுக்கிப் புதிதாகப் போடுவதுதான் வழி.

மட்டம் பார்க்க 6 அடி அலுமினியப் பலகை போதும். அடியில் 1 நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சந்து தெரிந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால், சிமெண்ட் கலவைக்குப் பதில் மூட்டையில் வரும் டைல்ஸ் பசையில் ஒட்டுகிறவர்கள் பள்ளத்தை முதலிலேயே நிரப்பிவிட வேண்டும். பசையைக் குவித்து மட்டம் கட்டக் கூடாது. பாத்ரூமில் அடிக்கு 1 நூல் வாட்டம் ஜாலியை (தண்ணீர் போகும் ஓட்டை மூடியை) நோக்கி இருக்க வேண்டும்.

கடைசியாகப் பெருக்கி, கழுவி, உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு ஒட்டினால் இன்னொரு தடவை கழுவ வேண்டும். சிமெண்ட் கலவையில் ஒட்டுவதானால் முதல் நாள் ராத்திரியே தரையை நனைத்துவிடுங்கள். காலையில் ஈரம் இருக்கலாம், தண்ணீர் தேங்கக் கூடாது. சிமெண்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்டை) முழு அறைக்கும் ஊற்றாதீர்கள். நம் ஊர் வெயிலில் கண் முன்னாலேயே காய்ந்துவிடும். காய்ந்த பால் பட்டி மாதிரிதான், பிடிக்காது. கை எட்டும் அளவுக்கு ஊற்றி, உடனே கலவை போடுங்கள். பசை என்றால் தரையை நனைப்பதா வேண்டாமா என்பது மூட்டையிலேயே எழுதியிருக்கும்.

சுவரைச் சுற்றி 2 நூல் இடைவெளி விடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) அதை மூடிவிடும். அந்தக் காட்பாடி வீட்டில் இரண்டாவது தடவை ஒட்டும்போது, கலவை புகுந்துவிடாமல் இருக்க நாலு சுவர் ஓரத்திலும் தெர்மாகோல் பட்டை சொருகிவிட்டுத்தான் முதல் டைல்ஸைக் கையில் எடுத்தேன்.