பழைய காருக்கு டயர் பிரஷர் மானிட்டர் மாட்டுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் என்று எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு டொயோட்டா டாஸோ சிட்டி கோல்ஃபோ நிற்கும். டாஸ் 2006-லும் சிட்டி கோல்ஃப் 2009-லும் உற்பத்தி நின்றுபோன வண்டிகள். எஞ்சினுக்கு இன்னும் ஒரு குறையும் இருக்காது, ஆனால் டயரில் காற்று இறங்கினால் சொல்ல உள்ளே எதுவுமே கிடையாது. ரேடியல் டயரில் கால்வாசி காற்று போனாலும் பார்வைக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். அமெரிக்காவில் 2007 செப்டம்பர் முதலும் ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதலும் புதிய கார்களுக்கு இந்த எச்சரிக்கைக் கருவி கட்டாயம். நம் பழைய வண்டிக்கு நாமே வாங்கி மாட்ட வேண்டியதுதான். ஜாக்கி வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், அரை மணி நேரம் போதும்.

எந்த வகை வாங்குவது?

இரண்டு வகை உண்டு. ஒன்று, டயருக்கு உள்ளே ரிம்மோடு சேர்த்துப் பொருத்துவது. இதற்கு டயர் கடைக்குப் போய் டயரைக் கழற்றி, மாட்டி, மறுபடி பேலன்ஸ் பார்க்க வேண்டும், பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, வால்வின் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திருகி மாட்டும் சின்ன சென்சார். புது டயர் போடப் போகிறீர்கள் என்றால் உள்ளே வைப்பதை யோசிக்கலாம். மற்றபடி பழைய காருக்கு வெளியே மாட்டுவதே போதும் என்பேன். நாளைக்கு வண்டியை விற்றாலும் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.

வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: சென்சாரின் பேட்டரியை மாற்ற முடிய வேண்டும் (பெரும்பாலும் சிஆர் 1632 என்ற பொத்தான் பேட்டரி), திருட்டைத் தடுக்கும் லாக் நட் நான்கும் அதற்கான குட்டி ஸ்பேனரும் பெட்டியில் இருக்க வேண்டும், கூட வரும் திரையில் காற்றழுத்த அளவை 'பார்' என்ற அலகுக்கு மாற்ற முடிய வேண்டும். ஆன்லைனில் வருவதில் பல பிஎஸ்ஐ கணக்கில்தான் இருக்கும், நம் கராஜ்களில், அதாவது பெட்ரோல் நிலையங்களில், பார், கிலோபாஸ்கல் கணக்கு. 2.2 பார் என்றால் 220 கிலோபாஸ்கல், அதுவே சுமார் 32 பிஎஸ்ஐ.

முதலில் வால்வைப் பாருங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், பழைய காரில் இதுதான் முக்கியம். ரப்பர் வால்வை விரலால் மெல்ல ஒரு பக்கம் வளைத்து, அது ரிம்முக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் அந்த வால்வில் சென்சாரை மாட்டவே வேண்டாம். சென்சாரின் எடை சில கிராம்தான், ஆனாலும் 120 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றும்போது அந்தச் சில கிராம் வால்வை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், காய்ந்து போன ரப்பர் அதைத் தாங்காது. டயர் கடையில் புது வால்வு போட்டுக்கொள்வது பெரிய செலவில்லை. முடிந்தால் நான்கிலும் உலோக வால்வாகவே போடச் சொல்லுங்கள்.

வால்வின் மரையில் மண்ணும் பிரேக் தூசியும் படிந்திருக்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை எடுத்து நன்றாகத் தேய்த்துத் துடையுங்கள். டர்பன் மாதிரி கடலோர ஊரில் உப்புக் காற்றால் மரை சென்சாரோடு ஒட்டிக்கொண்டு பிறகு கழற்றவே வராமல் போகும். அதனால் மரையில் மட்டும் துளி கிரீஸ் தொட்டு வையுங்கள், நடுவில் இருக்கும் ஊசியில் படக்கூடாது. இரும்பு ரிம்முக்கு மேல் பிளாஸ்டிக் வீல் கவர் போட்ட வண்டி என்றால், கவரின் ஓட்டை வழியாக சென்சார் தாராளமாக நுழைகிறதா, எங்கும் உரசுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த டயரில் காற்று அடியுங்கள்

எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்பக்கமோ ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, அல்லது வீட்டுக்குப் பக்கத்து கராஜ் வரை மட்டும் ஓட்டிப் போய் அடிப்பது நல்லது.

சென்சாரை மாட்டுதல்

ஒவ்வொரு சென்சாரிலும் எந்தச் சக்கரம் என்று எழுத்து இருக்கும். இடது, வலது என்பது நீங்கள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும் கணக்கு. வெளியே நின்று காருக்கு முகம் கொடுத்துப் பார்த்தால் இது தலைகீழாகிவிடும், அதனால் மாட்டும் முன் நான்கையும் அந்தந்தச் சக்கரத்துக்கு அருகில் தரையில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மூடியைக் கழற்றுங்கள். முதலில் லாக் நட்டை வால்வின் அடிவரை திருகி இறக்குங்கள். அப்புறம் சென்சாரைக் கையாலேயே திருகுங்கள். பாதியில் 'உஸ்' என்று காற்று கசியும், பயப்பட வேண்டாம், சென்சார் உள்ளிருக்கும் ஊசியை அழுத்துகிறது என்று அர்த்தம். நிறுத்தாமல் திருகினால் சத்தம் தானாக நின்றுவிடும். கை இறுக்கம் போதும், இடுக்கி போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் நசுங்கிவிடும். கடைசியாக லாக் நட்டை மேலே ஏற்றி, சென்சாரின் அடியோடு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

சாதாரண மூடி போட்டிருக்கும்போது வால்வுக்குள் இருக்கும் ஊசிதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. சென்சார் மாட்டிய பிறகு அந்த ஊசி எப்போதும் அழுந்தித் திறந்தே இருக்கும், டயரின் காற்றை அடைத்து நிற்பது சென்சாருக்குள் இருக்கும் அந்த மெல்லிய ரப்பர் வளையம் மட்டும்தான். அதனால் சோப்புத் தண்ணீர் சோதனையைத் தவறவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, சென்சாரும் வால்வும் சேரும் இடத்தில் தடவி ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒரே ஒரு குமிழி மெதுவாக வளர்ந்தாலும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

திரையும் அலாரமும்

திரையை யுஎஸ்பி வயரில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு டாஷ்போர்டில் வையுங்கள், சூரிய ஒளியிலும் சார்ஜ் ஏறும் வகைதான் பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனால் ஜோஹன்னஸ்பர்க்கிலோ டர்பனிலோ ரோபோட்டில் (டிராஃபிக் சிக்னலில்) வண்டி நிற்கும் நேரத்தில் கண்ணாடியை உடைத்துக் கண்ணில் பட்டதை அள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். கண்ணாடிக்கு நடுவே பளபளவென்று ஒட்டாமல் தாழ்வாக, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வையுங்கள், நிறுத்திவிட்டு இறங்கும்போது எடுத்து உள்ளே போடுங்கள்.

மாட்டியவுடன் திரையில் வெறும் கோடுகள்தான் தெரியும். பேட்டரியை மிச்சம் பிடிக்க சென்சார் தூங்கிக்கொண்டிருக்கும், வண்டி நகர்ந்தால் விழிக்கும். சில கிலோமீட்டர் ஓட்டியும் ஒரு சக்கரம் மட்டும் வரவில்லை என்றால் கையேட்டில் சொன்னபடி அந்தச் சென்சாரை மறுபடி திரையோடு இணைத்துப் பாருங்கள்.

அலாரத்தை எங்கே வைப்பது? ஸ்டிக்கரில் 2.2 பார் என்றிருந்தால் கீழ் எல்லையை 1.8 பாரில் வையுங்கள், மேல் எல்லை 3.0. ஓடும்போது சூட்டில் 0.2 முதல் 0.4 பார் வரை ஏறுவது சகஜம், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். கீழ் எல்லையை 2.0-இல் வைத்தால் இன்னும் பாதுகாப்புதானே என்று சிலர் கேட்பார்கள். டர்பனை விட்டு வெளியே போகாத வண்டிக்குச் சரி. என்3 நெடுஞ்சாலையில் ஜோஹன்னஸ்பர்க் போகிறவர்களுக்கு அது தொல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேஷியாவில் கல்யாணம் என்றால்

டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். வான் ரீனன் கணவாய் ஏறி மேலே போனால் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1.0 பாரிலிருந்து 0.83 பாருக்கு இறங்கிவிடும். கராஜில் இருக்கும் கேஜ் (காற்றழுத்த மானி), டயருக்கு உள்ளேயும் வெளியேயும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது. ஆனால் பெரும்பாலான டயர் சென்சார்கள் உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல் மட்டக் காற்றின் அளவைக் கழித்துக் காட்டுகின்றன. உயரத்துக்குப் போனாலும் கழிப்பது அதே அளவைத்தான்.

இதோடு குளிரும் சேரும். பத்து டிகிரி குறைந்தால் சுமார் 0.1 பார் குறையும். ஜூலை மாதத்தில் டர்பனில் 22 டிகிரியில் 2.2 பார் அடித்துக்கொண்டு கிளம்புகிறீர்கள், மறுநாள் விடிகாலை லெனேஷியாவில் 4 டிகிரி. கேஜ் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 2.17 காட்டும், குளிரும் உயரமும் ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிட்டன. உங்கள் திரை மட்டும் 2.0 காட்டும். டயர் நன்றாகத்தான் இருக்கிறது, அலாரம் 2.0-இல் இருந்தால் காலங்காலையில் கத்தத் தொடங்கிவிடும். நீங்களும் பதறிப்போய்க் காற்று அடிப்பீர்கள், வண்டி நிறையச் சனத்தோடு மத்தியான வெயிலில் திரும்பும்போது அது தேவைக்கு மேல் இருக்கும்.

அதனால் மேலே போய்ச் சேர்ந்ததும் கேஜால் ஒரு சக்கரத்தை மட்டும் சரிபாருங்கள். திரைக்கும் கேஜுக்கும் 0.15 முதல் 0.2 வரை வித்தியாசம், நான்கு சக்கரமும் ஒரே அளவு குறைந்திருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு சக்கரம் மட்டும் மற்ற மூன்றை விட இறங்கியிருந்தால் அது ஆணியோ குழியில் விழுந்த ரிம்மோதான், உடனே நிறுத்திப் பாருங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

கராஜில் காற்று அடிக்க வருகிறவரிடம் சென்சார் இருப்பதை முன்பே சொல்லி, நீங்களே ஸ்பேனரை எடுத்துக் கழற்றிக் கொடுங்கள். லாக் நட் இருப்பது தெரியாமல் திருகினால் வால்வே முறுக்கிக்கொள்ளும். அந்தக் குட்டி ஸ்பேனர் எப்போதும் வண்டிக்குள் இருக்கட்டும், பழைய வால்வு மூடி நான்கும் கூடவே இருக்கட்டும், நடுவழியில் சென்சார் கசிந்தால் கழற்றிவிட்டு மூடியைப் போட்டுக்கொண்டு போகலாம். சக்கரங்களை முன்பின் மாற்றிப் போட்டால் சென்சார்களையும் அதனதன் இடத்துக்கு மாற்றுங்கள். ஸ்டெப்னிக்கு இந்த நான்கு சென்சாரும் உதவாது, அதன் காற்றை மாதம் ஒரு தடவை கேஜ் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.