வால்வ் ஆம்ப் உறுமுகிறதா? மூன்றாவது ஃப்ரெட்டைக் கேளுங்கள்

கிதாரை ஆம்பிலிருந்து (வெற்றிடக் குழாய் வால்வுகளால் ஒலியைப் பெருக்கும் பெட்டி) கழற்றிவிட்டு, தடித்த ஈ தந்தியை மூன்றாவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். ஆம்பின் உறுமல் அந்தச் சுருதியை ஒட்டி, ஒரு மயிரிழை மேலே நின்றால் அது 100 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50.

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையர் அதை 100 ஆக்குகிறது. ஆகவே 100 என்றால் அந்த அலைவைச் சமப்படுத்தும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில்தான் முதல் சந்தேகம். 50 என்றால் வால்வைச் சூடாக்கும் ஹீட்டர் ஒயர்கள், எர்த் இணைப்பு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஓடும் இன்புட் ஒயர் என்று தேடலாம். ஹீட்டர் ஒயர் இரண்டையும் இறுக்கி முறுக்கியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பாதி வீடுகளில் தொல்லை அங்கேதான். (இணையத்தில் 60, 120 என்று படித்திருந்தால் அது அமெரிக்கக் கணக்கு.)

அரை அலை ரெக்டிஃபையர் என்றால் இந்தச் சோதனை செல்லாது, கெப்பாசிட்டர் கெட்டாலும் 50தான் வரும். சின்ன ஸ்பீக்கரில் 50 சரியாக ஒலிக்காமல் ஏமாற்றும். கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் பம்புசெட் ஓடும்போது மட்டும் கேட்கிற கரகரப்பும் வேறு கதை; அது லைனில் வருவது. கோடையில் வயல் வெடிக்கிற மாதிரி எர்த் குழியும் காய்ந்திருக்கும், தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ரெசிஸ்டர் வைத்து அந்தச் சார்ஜை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை.