பொன்னாடைக்கு முன்னால்: காட்டுயிர் காப்போருக்கு விருது கொடுப்பது எப்படி

வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அன்று அவருடைய பீட்டில், அதாவது அவர் சுற்றிவரும் காவல் எல்லைக்குள், ஒன்றுமே நடக்காது. சுருக்குக் கம்பி விழாது, தீப்பிடிக்காது, மான்கறி பேருந்து ஏறாது. ஒன்றும் நடக்காத நாளுக்குப் புகைப்படம் கிடையாது. அதனால்தான் நம் ஊர் விருதுகள் பெரும்பாலும் பாம்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டவருக்கும், ஒரே நாளில் பத்தாயிரம் கன்று நட்டதாகச் சொன்னவருக்கும் போய்ச் சேர்கின்றன. இந்த வழிகாட்டி மாவட்ட அளவில் நாலைந்து விருது கொடுக்க நினைக்கும் பறவை நோக்கர் குழு, கல்லூரிப் பசுமை மன்றம், ஊர் இளைஞர் மன்றம், விடுதி உரிமையாளர் சங்கம் போன்றவர்களுக்கானது.

யாருக்கு என்பதை முதலில் பிரியுங்கள்

'சிறந்த சூழல் ஆர்வலர்' என்று ஒரு பொதுப் பிரிவு வைத்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் வாங்கிப் போவார். நான்கு பிரிவுகள் போதும்: களப்பணியாளர் (வாட்சர் எனப்படும் வேட்டைத் தடுப்புக் காவலர், யானைப் பாகன், பாகனுக்கு உதவும் காவடி, ஆமைக் கூடு காப்பவர்), ஊர் அல்லது சமூகம், இயற்கைச் சுற்றுலா (வழிகாட்டி, ஜீப் ஓட்டுநர், விடுதி), குறைந்தது மூன்று ஆண்டு நடந்த திட்டம். தகுதியானவர் இல்லாத பிரிவை அந்த ஆண்டு காலியாக விடலாம் என்று விதியிலேயே எழுதுங்கள். எழுதாவிட்டால் கடைசி வாரத்தில் யாரையாவது பிடித்துப் போட வேண்டி வரும்.

ஊருக்கான பிரிவை விட்டுவிட வேண்டாம். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே தனி நாயகன் இல்லை. பட்டாசு கேட்டு அழுத குழந்தையைச் சமாளித்த ஒவ்வொரு வீடும் இதில் பங்காளி. வனத்துறை தீபாவளிதோறும் ஊராருக்கு இனிப்பு கொடுப்பதும் அதனால்தான். பஞ்சாயத்துத் தலைவருக்குக் கேடயம் கொடுத்தால் முடிந்துபோகும் காரியத்தை, வீட்டுக்கு வீடு இனிப்பு எல்லோருடையதாக ஆக்கிவிடுகிறது.

அசாமின் தாதரா ஊர்ப்பக்கம் பூர்ணிமா தேவி பர்மன் செய்ததும் இந்த வகைதான். ஹர்கிலா என்ற பெரிய நாரை கூடு கட்டும் மரத்தை, கீழே விழும் எச்சமும் நாற்றமும் தாங்காமல் சொந்தக்காரர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மர உரிமையாளர்களை மேடையேற்றி மரியாதை செய்தார், ஊர்ப் பெண்களைக் கூட்டி நாரைகளுக்கு வளைகாப்பு நடத்தினார். 2017-இல் காட்டுயிர் காப்போருக்கான பிரிட்டனின் விட்லி விருதும் 2022-இல் ஐநாவின் புவிக் காவலர் விருதும் அவருக்குக் கிடைத்தது பிற்பாடு. அதற்கு முன்பே ஊருக்குள் அவர் கொடுத்த சின்ன மரியாதைகள்தான் மரத்தைக் காத்தன. உங்கள் ஊரில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் புளியமரம் யாருடைய கொல்லையில் நிற்கிறது என்று பாருங்கள். பட்டியலில் முதல் பெயர் அங்கே இருக்கலாம்.

பரிந்துரை வாங்குதல்

விழாவுக்கு நான்கு மாதம் முன்பே தொடங்குங்கள்: பரிந்துரைக்கு 5 வாரம், நேரில் சரிபார்க்க 6 வாரம், தேர்வுக்கு 2 வாரம், மிச்சம் பயண ஏற்பாட்டுக்கு. படிவம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. இணையப் படிவம் மட்டும் வைத்தால் நகரத்துப் பெயர்கள்தான் வரும். வாட்ஸப்பில் குரல்பதிவாக அனுப்பினாலும் ஏற்றுக்கொண்டு, ஒருவர் உட்கார்ந்து எழுதி எடுக்க வேண்டும்.

கேட்க வேண்டியவை ஆறே. என்ன செய்கிறார்? எந்த ஆண்டு, எந்த மாதத்திலிருந்து? எந்த இடத்தில்? கூட யார் யார் செய்தார்கள்? எது சரிவரவில்லை? இவரைப் பற்றி வேறு யாரிடம் கேட்கலாம்? ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாமல் வரும் படிவத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பாருங்கள். களத்தில் உண்மையாக வேலை செய்தவருக்குத் தோற்ற கதை கட்டாயம் இருக்கும்.

நேரில் போய்ப் பார்த்தல்

இதில் கஞ்சத்தனம் செய்தால் விருதே கெட்டுவிடும். இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் அந்த ஊர்ப் பேச்சு புரிந்தவராக இருக்கட்டும். வனச்சரக அலுவலகம், டீக்கடை, பரிந்துரைக்கப்பட்டவரோடு ஒத்துப்போகாத ஒருவர் என்று மூன்று இடத்தில் விசாரியுங்கள்.

பதிவேடு இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். பங்குனி ஆமைக்குப் பொரிப்பகம் நடத்துபவரிடம் கூடு எடுத்த தேதி, நேரம், இடம், முட்டை எண்ணிக்கை, பொரித்த நாள், கடலுக்குப் போன குஞ்சு எண்ணிக்கை எல்லாம் இருக்கும். ஒரு கூட்டில் ஏறத்தாழ நூறு முட்டைக்கு மேல் இருக்கும். மணலின் சூட்டைப் பொறுத்துப் பொரிக்க 45 முதல் 60 நாள் ஆகும். எல்லாக் கூட்டிலும் நூற்றுக்கு நூறு பொரித்ததாக எழுதியிருந்தால் அது கணக்கு இல்லை, ஆசை. சென்னைக் கடற்கரையில் 1988-லிருந்து மாணவர்கள் இரவில் ஆமைக் கூடு தேடி நடக்கும் 'ஆமை நடை' நடத்திவரும் அமைப்பு இன்றும் நிற்கிறது என்றால், இரவு நடையோடு இந்தச் சலிப்பூட்டும் எழுத்து வேலையும் அதற்கு ஒரு காரணம்.

மரம் நட்டவர் என்றால், நட்ட நாள் படத்தை ஒதுக்கி வையுங்கள். இரண்டு கோடை தாண்டி எத்தனை உயிரோடு நிற்கின்றன, எந்த மரம், எந்த நிலம் என்று பாருங்கள். நீலகிரியின் சோலைப் புல்வெளியில் சீகை மரமோ தைலமரமோ வைத்தவர் புல்வெளிக்குக் கேடு செய்தவர். ஏரியில் நீர் தேங்கும் பகுதிக்குள் கன்று நட்டவரும் அப்படித்தான். நீர் குறைந்த காலத்தில் கரையோரச் சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளுக்கு அந்த வெட்டவெளிதான் வேண்டும்.

பாம்பு மீட்பவர் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. பாம்பைப் பிடிக்க வனத்துறை அனுமதி வேண்டும். அனுமதி இருக்கிறதா, பிடித்ததை எங்கே எத்தனை மணி நேரத்தில் விடுகிறார், கொக்கியும் பையும் பயன்படுத்துகிறாரா என்று பாருங்கள். நல்லபாம்புக்கு முத்தம் கொடுக்கும் காணொளி ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள். இரக்கமில்லாத விதியாகத் தோன்றும். ஆனால் அவர் விருது வாங்கிய மறுவாரம் அதையே செய்து பார்க்கப் போகும் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருப்பான். 2023-இல் பத்மஸ்ரீ பெற்ற இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் ஃபுளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தது வித்தை காட்டியல்ல. தடம் பார்த்து வளையைக் கண்டுபிடிக்கும் அறிவை வைத்துத்தான்.

குஞ்சும் குட்டியும் 'மீட்டு' வீட்டில் வளர்ப்பவர், கூண்டில் கிளி வைத்திருப்பவர், குரங்குக்குப் பிஸ்கட் போடுபவர் ஆகியோரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். அவர்களுக்கு வேண்டியது விருதல்ல, ஒரு மணி நேரப் பேச்சு.

சுற்றுலாப் பிரிவை எப்படிச் சோதிப்பது

விடுதி என்றால் காகிதத்திலிருந்து தொடங்குங்கள். மலைப்பகுதியில் ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் ஊரா, கட்டடத்துக்கு அது இருக்கிறதா, யானை வழித்தடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடம் பற்றி உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்த பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்ற பதில் செல்லாது. வழித்தடத்தில் நிற்கும் விடுதி சூரிய மின்தகடு வைத்திருந்தாலும் மூங்கில் உறிஞ்சுகுழல் கொடுத்தாலும் விருதுக்கு உரியதல்ல.

காகிதம் சரியென்றால், சொல்லாமல் ஒரு இரவு விருந்தினராகத் தங்குங்கள். குப்பைத் தொட்டிக்குக் கரடியோ பன்றியோ திறக்க முடியாத மூடி உண்டா? சமையல் கழிவு எங்கே போகிறது? வெளிவிளக்குகள் தரையைப் பார்க்கின்றனவா, காட்டைப் பார்க்கின்றனவா? வேலியில் என்ன மின்சாரம் ஓடுகிறது? நேரடி மின்கம்பி இணைப்பு யானையைக் கொல்லும். சூரிய மின்வேலியின் துடிப்பு விரட்டும், கொல்லாது. பிறகு வரவேற்பறையில் மெதுவாகக் கேளுங்கள்: 'ராத்திரி ஜீப்பில் ஒரு சுற்று போக முடியுமா?' இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே பாதி மதிப்பெண். 'ஏற்பாடு பண்ணலாம் சார்' என்றால் அங்கேயே முடிந்தது.

வழிகாட்டியையும் ஓட்டுநரையும் சோதிக்கச் சுலபமான வழி, ஒன்றுமே தென்படாத நாளில் கூடப் போவது. புலி தென்பட்ட நாளில் எல்லோரும் நல்ல வழிகாட்டிதான். யானையைக் கண்டதும் வழியை மறிக்காமல் தள்ளி நிறுத்துகிறாரா, யானை காதை விரித்து நின்றால் பின்வாங்குகிறாரா, பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலைப் போடுகிறாரா, கூட்டருகே படமெடுக்க விடுகிறாரா என்று கவனியுங்கள். பயணி கூடுதலாக ஐந்நூறு ரூபாய் நீட்டியபோது என்ன செய்தார் என்று மற்ற ஓட்டுநர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

தேர்வுக் குழுவும் பணமும்

ஐந்து பேர் போதும். ஓய்வுபெற்ற வனவர் அல்லது வனக்காவலர் ஒருவர், அந்தப் பகுதியில் ஆய்வு செய்தவர் ஒருவர், அந்த வட்டாரப் பழங்குடி அல்லது மீனவ ஊரைச் சேர்ந்த பெண் ஒருவர் கட்டாயம். உறவோ தொழில் தொடர்போ உள்ள பெயர் வரும்போது அந்த உறுப்பினர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் மற்றவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். கல்குவாரி, விடுதி, பட்டாசு, பாட்டில் தண்ணீர்க் கம்பெனி ஆகியவற்றின் பணம் வேண்டாம்.

மொத்தச் செலவில் பாதியாவது பரிசாகப் போய்ச் சேரட்டும். கையில் 2 லட்சம் இருந்தால் 20,000 வீதம் ஐந்து விருதுக்கு 1 லட்சம்; சரிபார்ப்புப் பயணத்துக்கு 35,000; விருது பெறுவோரின் பயணம், தங்கல், இழந்த நாள்கூலிக்கு 30,000; மிச்சத்தில் சாப்பாடும் மற்ற விழாச் செலவும். பயணக் காசை முன்கூட்டியே கொடுங்கள். 'பில் கொடுத்தால் திருப்பித் தருகிறோம்' என்பது நாள்கூலிக்காரருக்குப் பொருந்தாது.

பரிசை வங்கிக் கணக்கில் போடும் முன் பாஸ்புக்கை நேரில் பாருங்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் இன்னொரு எழுத்து இருந்து பணம் திரும்பி வருவது வழக்கமான கூத்து. அட்டையில் செய்த பெரிய காசோலையைத் தூக்கிப் பிடிக்க வைக்காதீர்கள். அன்று மாலையே கடன் கேட்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். அரசு ஊழியர் என்றால் நடத்தை விதிகள் குறுக்கே வரும். மேலதிகாரியின் எழுத்துபூர்வ அனுமதி கைக்கு வந்த பிறகே அழைப்பிதழ் அச்சடியுங்கள்.

பொருளாகக் கொடுப்பதானால் கேட்டுக் கொடுங்கள்: கால் அளவுக்குப் பொருந்தும் பூட்ஸ், நெற்றி விளக்கு, நல்ல மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாத காலுறை. பொன்னாடை வேண்டாம் என்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். ஒன்று போதும், பேச்சாளர் ஒவ்வொருவரும் ஒன்று போர்த்த வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

2023-இல் முதுமலையில் யானைக்குட்டி வளர்த்த பொம்மன், பெள்ளி பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியபோது, தமிழ்நாடு அரசு அந்த இருவரோடு நிற்காமல் தெப்பக்காடு, கோழிகமுத்தி யானை முகாம்களின் பாகன், காவடிகள் 91 பேருக்கும் தலா 1 லட்சம் கொடுத்தது. ஒரே முகாமில் ஒருவரை மட்டும் தூக்கி வைத்தால் மறுநாள் வேலையில் முகம் பார்க்க முடியாது. உங்களிடம் இருப்பது 20,000 தான் என்றாலும், ஒருவர் பெயரில் கொடுத்துவிட்டுக் குழு முழுவதுக்கும் மழைக்கோட்டு வாங்கலாம்.

பெயரும் இடமும்

விருது ஆபத்தாகவும் முடியும். கடல் அட்டைக் கடத்தலைக் காட்டிக்கொடுத்தவர், சந்தனக் கட்டை பற்றித் தகவல் சொன்னவர் பெயரை எங்கேயும் அச்சிடக் கூடாது. அவர்களுக்குச் செய்வதைச் சத்தமில்லாமல் செய்யுங்கள். மற்றவர்களிடமும், பெயர், படம், ஊர் மூன்றுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். தேவாங்கு, ஆந்தை, இருவாச்சி போன்றவற்றின் கூடோ தங்குமிடமோ செய்திக்குறிப்பில் வரக் கூடாது. வட்டத்தின் (தாலுகாவின்) பெயர் போதும்.

பாராட்டுரையை 120 சொல்லுக்குள் எழுதி, விழாவுக்கு முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள். 'இயற்கையின் காவலர், பறவைகளின் தோழர்' என்பது யாருக்கும் பொருந்தும். 'ஒன்பது ஆண்டாக வாரம் ஆறு நாள் இந்த மூன்று ஓடைகளைச் சுற்றிச் சுருக்குக் கம்பி எடுத்தவர்' என்பது ஒருவருக்கே பொருந்தும். பழங்குடியினர் என்றால் காடர், மலசர், பளியர், காட்டுநாயக்கர் என்று அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரைச் சொல்லுங்கள்.

நாள், இடம்

பிப்ரவரி முதல் மே வரை தீக்காலம். வாட்சர்கள் தீத்தடுப்புக் கோட்டில் இருப்பார்கள். ஆமைக்காரர்களுக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை தூக்கமே இருக்காது. அக்டோபர் 2 முதல் 8 வரையிலான காட்டுயிர் வாரம் பொருத்தம்தான், ஆனால் அந்த வாரம் அதிகாரிகளை எல்லா ஊரும் கூப்பிடும். ஆகஸ்டு அல்லது செப்டம்பர் வசதி. விழாவை அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள், பகலில் முடியுங்கள். பண்டிப்பூர்–முதுமலைச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்; மற்ற காட்டுச் சாலைகளிலும் இருட்டியபின் யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. வெடி, பலூன், புறா பறக்கவிடுதல், காட்டைப் பார்த்த ஒலிபெருக்கி எதுவும் வேண்டாம். முதல் வரிசை நாற்காலி விருது பெறுபவரின் குடும்பத்துக்கு.

அதற்குப் பிறகு

தகுதியானவர் கிடைத்தால் அவரை மேலே அனுப்புங்கள். பத்ம விருதுக்கு ஒன்றிய அரசின் விருதுகள் இணையதளத்தில் யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம். 800 சொல்லுக்குள் பணியை விவரிக்க வேண்டும். நீங்கள் களத்தில் சேகரித்த குறிப்பே அதற்குப் போதும். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் மார்ச்சிலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். மாநில அரசின் பசுமை முதன்மையாளர் விருதுக்கும் அதே குறிப்பைப் பயன்படுத்தலாம்.

ஆறு மாதம் கழித்து அதே இருவர் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும். பணம் கணக்கில் ஏறியதா, செய்தி வந்ததால் தொல்லை உண்டா, சுற்றுலாக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்களா என்று கேளுங்கள். விருது வாங்கிய விடுதி இரவு ஜீப் விட ஆரம்பித்திருந்தால் திரும்பப் பெறும் விதி கையில் இருக்க வேண்டும். இந்த மறுபார்வைப் பயணத்துக்கான 6,000 ரூபாயை விழாவுக்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். விழா முடிந்தபின் மிஞ்சாது.