ஏலகிரிக் குளிரில் மாதுளை வளர்க்கும் முறை

சமவெளியிலுள்ள வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டுக்குப் பின்னால் பல ஆண்டுகள் மாதுளை பறித்த பழக்கத்தில், ஏலகிரி மலையில் எங்களுக்குள்ள சிறு நிலத்திலும் அதே முறையில் ஆறு கன்றுகளை நட்டேன். முதல் மார்கழியிலேயே நான்கு பட்டுப்போயின. மற்ற இரண்டையும் பிழைக்க வைத்த முறையை, மலையில் புதிதாக நடுவோருக்காக எழுதுகிறேன்.

ஆடியில் நட்டுவிடுங்கள், குளிர் வருமுன் வேர் பிடித்துவிடும். நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் 60 செ.மீ. உள்ள குழியில் மக்கிய தொழுவுரத்தை மேல்மண்ணோடு கலந்து இட்டு, மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். பள்ளத்தில் மழைநீர் மட்டுமன்றி இரவின் குளிர்காற்றும் தேங்குவதால், மேட்டு இடமே நல்லது. விதைக்கன்று தாய்மரத்தைப் போலக் காய்க்காது. பதியனோ (தாய்மரக் கிளையை மண்ணில் புதைத்து வேர்விடச் செய்தது) குச்சிக்கன்றோ (வெட்டிய குச்சியை நட்டு வளர்த்தது) வாங்குங்கள். கணேஷ், ஏற்காடு 1 ஆகிய இரண்டு வகைகளையே நான் விரும்புகிறேன்.

நான் தவறியது அடுத்த கட்டத்தில்தான். கார்த்திகை முடிவில் இலைகள் மஞ்சளாகிப் பாதிக்கு மேல் உதிர்ந்தபோது, செடி தண்ணீருக்கு ஏங்குகிறது என்று எண்ணி, நாள்தோறும் மாலையில் குடம் குடமாக ஊற்றினேன். குளிரில் மாதுளை இலையுதிர்த்து ஓய்வுகொள்ளும். அப்போது அது தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும் என்பதால், ஈரம் காயாத மண்ணில் வேர் அழுகிவிட்டது. ஆகவே, இலை உதிர்ந்ததும் பட்டையை நகத்தால் இலேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. விரல் நுழையும் ஆழம் வரை மண் காய்ந்த பிறகே, அதுவும் காலையில், தண்ணீர் விடுங்கள்.

இந்த ஓய்வுக் காலமான டிசம்பரே கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்க, ஏற்றது. காய்ந்த, நோயுற்ற, குறுக்கே ஓடும் கிளைகளை நீக்குங்கள். அரிவாள் பட்டையைக் கிழித்துவிடும் என்பதால், இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கவாத்துக் கத்தரியையே பரிந்துரைப்பேன். தை இறுதியில் தொழுவுரம் இட்டுத் தண்ணீரைப் படிப்படியாகக் கூட்டினால், மாசி, பங்குனியில் பூக்கும். காய் திரளும்போது மண்ணைக் காயவிட்டுத் திடீரென நிறையப் பாய்ச்சினால் பழம் வெடிக்கும். அப்போது மட்டும் சீரான ஈரம் கட்டாயம்.

பின்சேர்க்கை: பனிக்கட்டி உறையும் வெளிநாட்டில் வாழும் ஒரு வாசகர், அங்கு இம்முறை போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. ஓய்விலுள்ள மரம் ஏறத்தாழ மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதற்குக் கீழே கிளைகள் கருகும். சலவாட்ஸ்கி போன்ற குளிர் தாங்கும் வகையைத் தொட்டியில் வளர்த்து, இலை உதிர்ந்ததும் உறையாத கார் கொட்டகைக்குள் வைத்துவிடலாம். இலையற்ற செடிக்கு வெளிச்சம் தேவையில்லை, மண் முற்றிலும் வறளாதிருக்கச் சிறிது தண்ணீர் போதும். தரையில்தான் நட வேண்டுமென்றால், ஒற்றைத் தண்டாக்காமல் அடியிலிருந்து மூன்று நான்கு தண்டுகளை விட்டுவையுங்கள். மேலே கருகினாலும் வேர் பிழைத்திருந்தால் மீண்டும் துளிர்க்கும். குச்சிக்கன்றாக இருந்தால் அந்தத் துளிரும் அதே வகையாகவே இருக்கும்.