லீக்ஸ் பாத்தியில் காசைக் கரைக்கும் தவறுகள்

கொழும்புக் கடைவேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, குத்தகைக்குக் கொஞ்சம் காணி எடுத்து லீக்ஸ் போடுகிற பொடியன்களை நுவரெலியாவுக்குக் கிட்ட இருக்கிற கந்தப்பளைப் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். நான் தொடங்கின காலத்தில் பண்ணின கூத்தையெல்லாம் அவர்களும் வரிசை மாறாமல் பண்ணுகிறார்கள். தண்ணீர் கட்டுவது, களை பிடுங்குவது எல்லாம் சொல்லித் தரத் தேவையில்லை. பூச்சியும் நோயும் வரும்போது கையைச் சுடுகிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

எல்லா மருந்தையும் ஒரே தாங்கியில் ஊற்றுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

நுவரெலியாவில் ஜனவரி தொடக்கம் மார்ச் வரை விடியலில் பனி, பகலில் நல்ல வெயில், மழை குறைவு. அந்தக் காலத்தில்தான் இலையில் வெள்ளி நிறக் கோடுகளும், நடுவே மிளகுத்தூள் அளவு கறுப்புப் புள்ளிகளும் தெரியும். கோடு, பனிப்பூச்சி (த்ரிப்ஸ் என்கிற இலைப்பேன்) இலையைச் சுரண்டி உறிஞ்சின தடம். கறுப்புப் புள்ளி அதன் எச்சம். ஆனால் பொடியன் இலையை விரித்துப் பார்ப்பதில்லை. நேரே மருந்துக் கடைக்குப் போய் "இலை வெளுக்குது" என்கிறான். பூச்சிக்கு ஒன்று, பங்கசுக்கு (பூஞ்சைக்கு) ஒன்று, வளர்ச்சிக்கு என்று இன்னொன்று கையில் வந்துவிடும். மூன்றும் ஒரே தாங்கிக்குள் போகும்.

என் அக்கா மகன் ஒருநாள் வந்து, "மாமா, கிழமைக்கு ஒருதரம் அடிக்கிறேன், மருந்தையும் மாற்றி மாற்றித்தான் அடிக்கிறேன், பூச்சி சாகவே இல்லை" என்றான். போத்தல்களைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றிலும் வேறு வேறு பெயர், வேறு வேறு நிறம். சிறிய எழுத்தைப் படித்தால் இரண்டில் லெம்டா சைஹலோத்ரின், மூன்றாவதில் அதே பைரத்ரொயிட் இனத்து இன்னொரு மருந்து. அவன் மாற்றினது லேபிளை மட்டும்தான். இந்த இனத்து மருந்துக்குப் பனிப்பூச்சி பல நாடுகளில் பழகிப்போய்விட்டது. பூச்சியைத் தின்னும் சிலந்தியும் நல்ல பூச்சிகளும்தான் முதலில் சாகும்.

பனிப்பூச்சி வாழ்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் காசு ஏன் கரைகிறது என்று விளங்கும். அது முட்டையை இலைச் சதைக்குள் செருகி வைக்கும், அங்கே தெளிமருந்து எட்டாது. குஞ்சுகள் நடு இலைகள் பிரிகிற இடுக்குக்குள் ஒளிந்து தின்னும். கூட்டுப்புழுப் பருவத்தைப் பெரும்பாலும் மண்ணில் கழிக்கும். அப்போது அது தின்னாது, மருந்தும் படாது. போதாக்குறைக்கு, பெண் பூச்சி ஆண் இல்லாமலே பெருகும். ஆக, ஒருதரம் அடிக்கும்போது வெளியே இருப்பதில் ஒரு பங்குதான் மாட்டுகிறது.

அதுவும் மருந்து ஒட்டினால்தான். லீக்ஸ் இலையில் மெழுகு பூச்சு இருக்கிறது. வெறும் கலவை முத்து முத்தாக உருண்டு மண்ணில் விழும். ஒட்டுத் திரவம் சேர்த்து, நொசிலை நடு இடுக்குக்குப் பிடித்து அடிக்க வேண்டும். நின்ற நிலையில் மேலாக வீசிக்கொண்டு நடந்தால் பாதை நனையும், அவ்வளவுதான்.

கலப்பதால் வருகிற கேடு வேறு. ஒத்துப்போகாத மருந்துகள் திரைந்து தாங்கியின் அடியில் படியும், நொசிலை அடைக்கும், சிலவேளை இலையையே கருக்கிவிடும். கருகின இலையைப் பார்த்து நோய் என்று நினைத்து அதற்கும் ஒரு மருந்து வாங்கினவர்களை எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பச்சை இலையையும் சேர்த்து நறுக்கித்தான் லீக்ஸ் வதக்குகிறோம். இடுக்கில் தேங்கின மருந்து எங்கே போகும்? கடைசியாக அடித்த நாளுக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று லேபிளில் போட்டிருப்பார்கள். விலை ஏறினதும் அதை மறப்பது பெரிய பாவம்.

அப்போ என்ன செய்வது? பாத்தியின் பல இடங்களில் பத்துச் செடியாவது எடுத்து, நடு இலையை விரித்து, வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவில் ஊரும். கொஞ்சமாக இருந்தால் மேலிருந்து தண்ணீர் தெளித்தாலே கணிசமாகக் கழுவிக்கொண்டு போகும். யூரியாவை அள்ளிப் போட்டால் இலை கொழுக்கும், பூச்சியும் கொழுக்கும், அதைக் குறையுங்கள். கூடிவிட்டதென்றால் ஒரே ஒரு மருந்து, சரியான அளவு. அடுத்ததுக்கு வேறு இனம், உதாரணத்துக்கு ஸ்பினோசாட். கடைப் பெயரை அல்ல, சிறிய எழுத்தில் இருக்கிற செயற்படு பொருளின் (பூச்சியைக் கொல்லுகிற சரக்கின்) பெயரைப் பார்த்து மாற்றுங்கள்.

ஊதாப் பொட்டுக்கு வந்த பிறகு ஓடுவது

வைகாசியில் தென்மேற்கு மழை பிடித்ததும் இலையில் வெள்ளையாகச் சின்னப் புள்ளி விழும். அது நீண்டு, நடுவே ஊதா நிறமாகி, சுற்றி மஞ்சள் விளிம்பு கட்டும். இலை அந்த இடத்தில் மடங்கித் தொங்கும். பனிப்பூச்சி சுரண்டின காயம், இந்த ஊதாப் பொட்டை உண்டாக்குகிற பங்கசுக்கு நல்ல வாசல். வரட்சியில் பூச்சியைப் பார்க்காமல் விட்டவன் மழையில் இதற்குச் செலவழிப்பான்.

மான்கோசெப் போன்றவை வராமல் தடுக்கிற மருந்துகள். விழுந்த பொட்டு அதனால் மறையாது. இலை மணிக்கணக்காக ஈரமாக இருந்தால்தான் நோய் ஏறும் என்பதால், நெருக்கி நடாமல் காற்று போக விடுங்கள், மாலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். நோய் பிடித்த அடி இலைகளைக் கழித்து ஓடைக்கரையில் குவிப்பதும் வேண்டாம். அடுத்த பாத்திக்கு நோய் அந்தக் குவியலிலிருந்துதான் வரும்.

பச்சைக் கோழி எரு

போடாதீர்கள். மக்கினால் மட்டும்.

மண் அணைப்பதில் அவசரம்

வெள்ளைத் தண்டு நீளமாக வந்தால் நல்ல விலை என்று, நாற்று தண்டு பருக்கும் முன்பே கழுத்துவரை மண் ஏற்றிவிடுகிறார்கள். இலை பிரிகிற இடத்துக்கு மேலே மண் போனால் அது மடிப்புக்குள் இறங்கும். மழையில் அழுகும், அழுகாவிட்டாலும் எத்தனை தண்ணீரில் கழுவினாலும் மண் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக, பிரிவுக்குக் கீழே நிறுத்தி அணைக்க வேண்டும். ஈரம் தேங்குகிற மண்ணில் வடிகால் வெட்டின பிறகுதான் மண்வெட்டியை எடுக்க வேண்டும்.

வெட்டுப்புழு

காலையில் நாற்று அறுந்து கிடந்தால் மருந்து தேடாதீர்கள். பக்கத்து மண்ணை விரலால் கிளறுங்கள், சுருண்டு கிடக்கும். நசுக்கிவிடுங்கள்.

லீக்ஸுக்குப் பிறகு லீக்ஸ்

விலை நன்றாக இருந்தால் அதே பாத்தியில் மறுபடியும் லீக்ஸ். இல்லையென்றால் வெங்காயம், பூண்டு. அவையும் ஒரே குடும்பம்தான். கரட், கோவா, கிழங்கு என்று மாற்றுங்கள். அதைவிட மோசம், அறுவடைக்கு நிற்கிற பழைய பாத்தியின் ஓரத்திலேயே புது நாற்றுமேடை போடுவது. பழையதை வெட்டின அன்றைக்கே பனிப்பூச்சிக்குக் குடியேற இளசான இடம் கிடைத்துவிடும். நாற்றுமேடையைத் தள்ளி, காற்று வருகிற பக்கம் போடுங்கள்.

விவசாயப் போதனாசிரியரிடம் காட்டப் போகும்போது ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். செடியை வேரும் மண்ணுமாகப் பையில் போட்டு, அடித்த போத்தல்களின் லேபிள்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.